சேர்ஜனின் சாதகம்

1. மூன்று படங்கள்

நெஞ்சு வாட்டில் நான் இருபத்திரண்டு வருடம் ஆண் நேர்ஸாக வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். குடாநாட்டில் இருந்தது என்றால் போதும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: பெரிய ஒப்பரேசன் ஒன்றுக்கு நோயாளியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் என்ன நன்மை, என்ன ஆபத்து என்று விளங்கும்படி சொல்ல வேண்டும். பிறகு நோயாளி தானே தீர்மானிப்பார். எங்கள் சேர்ஜன் இதை அப்படியே நம்பியவர். சீமையில் படித்துவிட்டு வந்தவர். வயது முப்பத்தாறு, கலியாணம் ஆகவில்லை. இருதய வால்வு சுருங்கினவர்களைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவோம். நுரையீரல் வேலை எங்களுடையது. அந்தக் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்கக்கூடிய கை அவருடையது ஒன்றுதான்.

அறுபதுகளின் நடுவில், வடகரையிலிருந்து தண்டையல் நடராசா வந்து சேர்ந்தார். தண்டையல் என்றால் பாய்க்கப்பல் ஓட்டுபவர். ஐம்பத்துமூன்று வயது, பெரிய மீசை. கடலில் வைத்து நியூமோனியா பிடித்திருக்கிறது. கரைக்கு வந்தால் வைத்தியம் செய்யச் சொல்வார்கள் என்று கரைக்கே வராமல் இரண்டு பயணம் ஓடியிருக்கிறார். வந்து சேர்ந்தபோது வலது நெஞ்சுக்குள் ஒரு குடம் சீழ். ரப்பர்க் குழாய், எங்கள் பேச்சில் ரியூப், போட்டு வடியவிட்டோம். ஐந்து கிழமையாகியும் நுரையீரல் விரியவில்லை. சீழ் காய்ந்து தடித்த தோலாகி, நுரையீரலைச் சுற்றி மூடிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை சேர்ஜன் கட்டிலடிக்குக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் மூன்று படம் கீறினார். முதலாவது, இப்போது இருப்பது போலவே நெஞ்சுக்குள் ரியூப், மற்ற நுனி நிலத்தில் தண்ணீர் போத்தலுக்குள். மாதக்கணக்கில் இருக்கும். தண்டையல் எங்கே போனாலும் போத்தலும் கூடப் போகும். இரண்டாவது, விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வாசல் வைப்பது. சீழ் தானாக வடியும். ஒரு வருடம் மருந்து கட்ட வேண்டும், மூச்சு பழையபடி வராது. மூன்றாவது, நெஞ்சைத் திறந்து அந்தத் தோலை உரித்து எடுப்பது. நுரையீரல் விரியும், திரும்பக் கடலுக்குப் போகலாம். ஆனால் இரத்தம் போகும். உயிராபத்து உண்டு.

இன்னொன்றும் சொன்னார். இன்னும் இருபத்தெட்டு நாளில் தான் திரும்பவும் மேற்படிப்புக்குக் கப்பல் ஏறுகிறார். மூன்றாவது வழி வேண்டுமென்றால் அதற்குள் செய்ய வேண்டும். உடம்பு மெலிகிற வேகத்தைப் பார்த்தால் அதற்குப் பிறகு யாராலும் செய்ய முடியாது.

தண்டையல் மூன்று படத்தையும் கனநேரம் பார்த்தார். ஒப்பரேசன் தாளில் கையெழுத்து வைப்பார் என்று நான் பேனையோடு நின்றேன். அவர் சொன்னது, "அண்ணையைக் கேட்டுத்தான் சொல்லுவன்."

2. விசாரிப்பு

அண்ணை மறுநாள் வந்தார். பெயர் மயில்வாகனம், அறுபது தாண்டியவர். தன் பெண்கள், தங்கைமாரின் பெண்கள் என்று பதினொரு பேருக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்த மனிதர். ஒரு கலியாணமும் பிழையாகப் போகவில்லை என்று ஊரில் நல்ல பெயர். ஆளை விசாரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

நான் மூன்று படத்தையும் காட்டி மூன்று வழியையும் விளக்கினேன். அவர் படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"தம்பி, வெட்டுறது பென்சிலோ? ஆள் தானே வெட்டுறது. ஆள் எந்த ஊர்?"

பிழை விட்டது நான்தான். வட்டுக்கோட்டைப் பக்கம், தாய் அங்கே இருக்கிறா என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. குடிக்கிறவரோ? கோபக்காரரோ? தாயோடு மரியாதையாகக் கதைக்கிறவரோ? எடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளோ? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவருக்குப் போதவில்லை. நேரில் விசாரிக்காமல் கையெழுத்து இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கோ கையெழுத்து வேண்டும். என் ஓய்வு நாளில் நானும் அவரோடு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி உத்தியோகத்தன் ஒருவன் தன் சேர்ஜனையே விசாரிக்கப் போவது எவ்வளவு மடைத்தனம் என்று பஸ் ஓடத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

மயில்வாகனத்தார் வேலை செய்யும் விதமே தனி. வீட்டுக்கு நேரே போகமாட்டார். முதலில் சந்திக் கடை, பிறகு சலூன், பிறகு பக்கத்து வீட்டு வேலி. மூன்று இடத்திலும் ஒரே கேள்வி: "டொக்டர் தம்பி ஆள் என்ன மாதிரி?" வெள்ளை வேட்டி, சால்வை, கையில் மோதிரம் போட்ட ஒரு பெரியவர், கலியாணமாகாத டொக்டரைப் பற்றி மூன்று இடத்தில் கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? நாங்கள் டொக்டர் வீட்டுப் படலையைத் தட்டுமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. தாய் புதுச் சீலை உடுத்தி வாசலில் நின்றா.

பயித்தம் பணியாரமும் தேத்தண்ணியும் வந்தன. மகன் எட்டுச் சம்பந்தத்தைத் தட்டிக்கழித்துவிட்டான் என்று ஒரு பாட்டம் அழுதா. கப்பல் ஏறுமுன் ஒன்று சரிவந்தால் கீரிமலைக்குப் போய் நேர்த்திக்கடன் தீர்ப்பேன் என்றா. நாங்கள் வாய் திறக்குமுன்னமே மஞ்சள் பூசிய கடித உறை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினா. உள்ளே சேர்ஜனின் சாதகம். மயில்வாகனத்தார் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார்.

திரும்பி வரும்போது, அந்த அம்மா எங்களைப் பெண் வீட்டார் என்று நினைத்துவிட்டா என்று நான் பதறினேன்.

"அவ என்ன நினைக்கிறா எண்டது அவவின்ரை விசயம்," என்றார் அவர். "நாங்கள் ஒரு பொய்யும் சொல்லேல்லையே."

3. எட்டுப் பொருத்தம்

மயில்வாகனத்தாருடைய குடும்பத்துச் சாத்திரியாரிடம் சேர்ஜனுடையதும் தண்டையலுடையதுமாக இரண்டு சாதகமும் போயின. நானும் போனேன். இவ்வளவு தூரம் வந்தவன் இனி எங்கே ஓடுவது.

சாத்திரியார் இரண்டு சாதகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஆண் சாதகமாக இருக்கிறதே என்றார். மயில்வாகனத்தார் விசயத்தைச் சொன்னார். ஒருவர் வெட்டப் போகிறவர், மற்றவர் வெட்டுப்படப் போகிறவர், இரண்டு பேரும் ஒத்துப்போவார்களோ என்று தெரிய வேண்டும். சாத்திரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்குச் சாத்திரத்தில் தனி வாய்ப்பாடு இல்லை, கலியாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரிப் பார்க்கலாம், ஆனால் யாராவது ஒருவரைப் பொம்பிளையாக வைத்தால்தான் கணக்கு ஓடும் என்றார்.

மயில்வாகனத்தார் யோசித்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவருக்கு இல்லை.

"எங்கடை வழக்கத்திலை மாப்பிளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போய் இருக்கிறது," என்றார். "ஆஸ்பத்திரி டொக்டரின்ரை இடம். என்ரை தம்பி அங்கை போய் இருக்கிறான். அப்ப தம்பிதான் மாப்பிளை."

இப்படியாக எங்கள் சேர்ஜன் பொம்பிளையானார். பொம்பிளைக்கு வயது கொஞ்சம் ஏறிவிட்டது என்று சாத்திரியார் முணுமுணுத்துக்கொண்டே கணக்குப் போட்டார். அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. பத்தில் எட்டுப் பொருத்தம். ரச்சுப் பொருத்தம் உத்தமம், ஆகவே மாப்பிளைக்கு ஆயுள் கெட்டி. பிள்ளைப் பாக்கியம் மட்டும் இல்லை.

"அது பரவாயில்லை," என்றார் மயில்வாகனத்தார். "தம்பிக்கு ஏழு பிள்ளையள் இருக்கினம்."

வாட்டுக்கு வந்து தண்டையலிடம் சொன்னதும் அந்த மனிதர் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஊரும் சாத்திரமும் சரி, மூன்றாவதாக இன்னும் ஒரு இடம் விசாரித்தால் கையெழுத்து வைக்கலாம் என்றார் அண்ணை. நான் சந்தோசத்தில் ஒப்பரேசன் தியேட்டருக்குச் சொல்லி இரத்தமும் ஒழுங்கு செய்யத் தொடங்கிவிட்டேன்.

4. பொம்பிளை பார்க்க வந்தவ

சனிக்கிழமை பின்நேரம், நோயாளர் பார்க்கிற நேரம். சேர்ஜனின் தாய் ஓலைப்பெட்டி நிறையப் பலகாரத்தோடு நெஞ்சு வாட்டுக்குள் நுழைந்தா. பெண் வீட்டாரில் யாரோ இங்கே படுத்திருக்கினம் என்று அவவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் மருந்து அலுமாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். கண்டுவிட்டா. பொம்பிளையும் பார்க்க வந்து நிப்பா, அவவை ஒருக்கால் பார்க்க வேணும், கூட்டிக்கொண்டு போ என்றா.

என்ன செய்ய? பதின்மூன்றாம் கட்டிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மயில்வாகனத்தார் எழுந்து கும்பிட்டார். நெஞ்சிலிருந்து ரியூப் இறங்கி, நிலத்தில் போத்தல் குமிழிவிட, மீசையோடு படுத்திருந்த தம்பியைக் கையால் காட்டினார்.

"இவன்தான், அம்மா."

அந்த அம்மா மீசையைப் பார்த்தா. போத்தலைப் பார்த்தா. நம்பிக்கையை விடாமல், "இவருக்குப் பொம்பிளைப் பிள்ளையள்?" என்று கேட்டா.

"ஏழும் பெடியள்."

பிறகு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அம்மா கதிரையில் இருந்துவிட்டா. முகம் சிவந்துவிட்டது. கலியாணத்துக்கென்று மஞ்சள் பூசித் தந்த சாதகத்தை நெஞ்சு வெட்டுக்கோ கொண்டுபோய்ப் பார்த்தனியள் என்று கேட்டா. உங்களுக்கெல்லாம் தாய் இல்லையோ என்று கேட்டா. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது. உண்மையாகவே வெட்கப்பட்டேன். ஒரு தாயின் ஆசையில் விளையாடிவிட்டோம்.

அம்மா ஓலைப்பெட்டியை மடியில் தூக்கி வைத்தா. பிறகு அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டா:

"பொருந்திச்சுதோ?"

"எட்டுப் பொருத்தம், அம்மா."

"அவனுக்கு ஒருத்தியோடையும் ஆறுக்கு மேலை வந்ததில்லை," என்றுவிட்டு ஓலைப்பெட்டியைத் திறந்து தண்டையலிடம் நீட்டினா.

அந்த நேரம் பார்த்துச் சேர்ஜன் உள்ளே வந்தார். தாயை நெஞ்சு வாட்டில் கண்டதும் ஏதோ நோய் வருத்தம் என்று நினைத்து ஓடிவந்து நாடி பிடித்தார். அம்மா கையை இழுத்துக்கொண்டா. உன்னுடைய வேலையைப் பார்க்கச் சும்மா வந்தனான் என்றா. எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவவை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

5. மூன்றாவது இடம்

சிரித்தது அவ்வளவுதான். கப்பலுக்குப் பத்து நாள் இருக்கையில் மயில்வாகனத்தார் சால்வையைக் கையில் பிடித்தபடி வந்தார். முகம் சரியில்லை. மூன்றாவது இடமாகச் சாவகச்சேரிச் சந்தையில் விசாரித்திருக்கிறார். அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார், இதே டொக்டர் இதே ஒப்பரேசன் செய்து ஒரு மனிதர் மேசையிலேயே போய்விட்டார் என்று.

"தம்பி, உமக்கு இது தெரியுமோ?"

"ஓம், ஐயா. நான்தான் பக்கத்திலை நிண்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அவர் குடிக்கிறவரோ எண்டுதான் கேட்டனீங்கள்."

அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் என்னை நானே ஏசுகிறேன். அவர் என்னை அடித்திருந்தாலும் பரவாயில்லை. தம்பியின் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். ரியூப்பைக் கழற்றிவிடு, வீட்டுக்குப் போகிறோம் என்றார். கழற்றினால் இரண்டு கிழமையில் ஆள் முடிந்தது. அது எனக்குத் தெரியும். தண்டையலுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

தண்டையல் என்னைப் பக்கத்தில் வரச்சொன்னார். மூச்சு முட்ட முட்டக் கதைத்தார்.

"எனக்குச் சாகப் பயமில்லை, தம்பி. உந்தப் போத்தலோடை கரையிலை குந்திக்கொண்டு மற்றவன் பாய் இழுக்கிறதைப் பாக்க ஏலாது. அண்ணை சொன்னால் வெட்ட விடுவன். அண்ணை மாட்டன் எண்டால் நான் என்ன செய்ய?"

அவருக்கு மூன்றாவது படம் நன்றாக விளங்கியிருந்தது. ஆனால் அண்ணையை மீறி ஒன்றும் செய்யமாட்டார். ஆகவே அண்ணையைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. செத்த மனிதரின் விலாசம் எங்கள் ரெஜிஸ்டரில் இருந்தது. நான் மயில்வாகனத்தாரிடம் சொன்னேன், நீங்கள் சந்தையில் விசாரித்தீர்கள், வீட்டில் விசாரிக்கவில்லை, விசாரிப்பு அரைவாசியில் நிற்கிறது என்று. அது அவருடைய தொழில் மானத்தில் பட்டுவிட்டது. பெட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்தார்.

உண்மையைச் சொன்னால் அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. செத்தவரின் பெண்சாதி எங்களை விளக்குமாற்றோடு துரத்தினாலும் நியாயம்தான். என்றாலும் அவரோடு சாவகச்சேரிக்குப் போனேன்.

அவ வேலியோரம் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றா. நாற்பது வயது இருக்கும். மயில்வாகனத்தார் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. என் தம்பியை அதே டொக்டர் வெட்டக் கேட்கிறார், நீங்கள் என்ன சொல்லுறியள் என்று நேரே கேட்டார்.

அவ குழையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் கதைத்தா.

"அண்டைக்குப் பின்நேரம் பிரேதத்தோடை அந்த டொக்டரும் வந்தவர். ஒருதரும் கூப்பிடேல்லை. எங்கடை ஆக்கள் அடிக்கப் போனவை. அவர் ஓடேல்லை. என்னட்டை வந்து, 'அம்மா, நான் வெட்டேக்கை ரத்தம் பெருகினது, என்னாலை நிப்பாட்ட ஏலாமல் போச்சு' எண்டு சொன்னவர். ஒளிக்கேல்லை. எட்டாம் நாளுக்கும் வந்தவர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வந்தவர். என்ரை மனுசன் போனது போனதுதான். ஆனா என்ரை தம்பிக்கு உப்பிடி ஒரு வருத்தம் வந்தால் நான் அவரட்டைத்தான் குடுப்பன்."

மயில்வாகனத்தார் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது சால்வையை மடித்து மடியில் வைத்தார். பிறகு சொன்னார், பதினொரு மாப்பிள்ளை பார்த்தேன், செத்தவீட்டுக்குப் போகிறவனோ என்று ஒருத்தனைப் பற்றியும் கேட்கவில்லையே என்று.

அன்றைக்கே கையெழுத்து வைத்தார்கள். தண்டையல் முதலில் வைத்தார், கீழே இடமில்லாத இடத்தில் அண்ணையும் வைத்தார்.

6. கப்பலுக்கு முன்

ஒப்பரேசன் நாலு மணித்தியாலம். இரத்தம் போகத்தான் செய்தது. ஒரு கட்டத்தில் சேர்ஜன் விரலை உள்ளே வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். எனக்கு அந்தச் சாவகச்சேரி மனிதரின் நாள்தான் கண்ணுக்குள் நின்றது. பன்னிரண்டு நிமிடம். விரலை எடுத்தார். இரத்தம் நின்றுவிட்டது. பிறகு மயக்க மருந்து டொக்டர் பையை அமுக்க அமுக்க, சுருங்கிக் கிடந்த நுரையீரல் மெல்ல மெல்ல விரிந்து நெஞ்சுக்கூட்டை நிரப்பியது. அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. முகமூடி இருந்ததால் ஒருவருக்கும் தெரியாது.

ஆறாம் நாள் ரியூப் கழன்றது. தண்டையல் எழுந்து வாட்டின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்கு நடந்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று யன்னலால் பார்த்தார். சேர்ஜன் இளம் டொக்டர்மாரைக் கூட்டிவைத்துச் சிவப்புப் பென்சில் படங்களைக் காட்டினார். பார்த்தீர்களோ, விளங்கும்படி தமிழில் சொல்லிப் படம் கீறிக் காட்டினால், பள்ளிக்கூடம் போகாத மனிதரும் தானே சரியான தீர்மானம் எடுப்பார் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் இருமினேன்.

அவர் போகிற நாளன்று என்னால் பொறுக்க முடியவில்லை. அறையைப் பூட்டுமுன் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வட்டுக்கோட்டைக்குப் போனது, சாதகம் வாங்கினது, அவரைப் பொம்பிளையாக வைத்துப் பார்த்தது எல்லாம். எட்டுப் பொருத்தம் என்றதும் மேசையில் கைவைத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு சாவகச்சேரிக்குப் போனதைச் சொன்னேன். அந்தப் பெண் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினார், எடுத்தார், திரும்ப அடுக்கினார்.

"உங்களுக்குத் தேத்தண்ணி தந்தவவோ?" என்று கேட்டார்.

"ஓம், டொக்டர். நாங்கள் வெளிக்கிடேக்கை தந்தவ."

"அண்டைக்கு எனக்கும் தந்தவ. கை நடுங்கினதிலை பாதியை நிலத்திலை ஊத்திப்போட்டன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். படம் கீறிக் காட்டுங்கள், மூன்று வழியையும் சொல்லுங்கள், எதையும் ஒளிக்காதீர்கள். ஆனால் உங்கள் வாட்டில் ஒருவர் போய்விட்டால் அந்தச் செத்தவீட்டுக்குப் போங்கள். அடுத்த நோயாளியின் அண்ணை அங்கேதான் வந்து கேட்பார்.